சின்னவிரலின் வேலைநிறுத்தம்

குறிஞ்சிப்பிட்டி,
2025 ஜூன் 3

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்:

குறிஞ்சிப்பிட்டியைச் சேர்ந்த திருவாளர் ஜெயந்தன் அவர்களின் இடது கையில் நெடுங்காலம் பணியாற்றிவந்த சின்னவிரல் அவர்கள், சில கிழமைகளாக வேலைநிறுத்தத்தில் இறங்கியுள்ளார். பக்கத்து மோதிரவிரலும் அனுதாபம் தெரிவித்து அரைநாள் லீவு போட்டுள்ளார். சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டும் பணிகள் மறு அறிவித்தல் வரை நிறுத்தப்பட்டுள்ளன. பொதுமக்கள் பதற வேண்டாம்.

எப்படி அக்கா? வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்க என்னை எடுப்பார்களா?

மடத்தில் உனக்கு முன்பே இந்தக் கடிதத்தை உடைத்து வாசித்துக்கொண்டிருக்கும் மதர் மார்த்தா அவர்களுக்கு என் தாழ்மையான வணக்கம். மதர், கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள். என் எழுத்து இந்த மாதம் கொஞ்சம் குடிவெறியில் நடக்கிறது. நானில்லை, எழுத்து மட்டும்தான்.

பள்ளிக்கூடச் சோதனை முடிந்து பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கக்கூடாது என்று அம்மா என்னை சுஹைர் நானாவின் லொறியில் ஏற்றிவிட்டா. கல்பிட்டி வெங்காயமும் மிளகாயும் தம்புள்ளைக்குப் போகின்றன. அவற்றுக்குப் பாதுகாப்பாக நானும் போகிறேன். "ஹெல்பர்" என்பது நானா சொல்லும் பெயர். உபதலைவர் என்பது நான் சொல்லும் பெயர்.

கைக்கு என்ன நடந்தது என்று கேட்பாய். லீவு நாளில் றொபி மாமாவின் படகில் போய், ஆள் உயரத் திருக்கை ஒன்றைத் தனியாளாக இழுத்தேன். கயிறு கையைச் சுற்றி இறுகிவிட்டது. சாட்சிக்குப் படமும் இதனோடு வைத்திருக்கிறேன். நெஞ்சை நிமிர்த்தி நிற்பவன் நான், வாயைப் பிளந்து கிடப்பது திருக்கை.

மாதக் கடைசியில் நீ எடுக்கிற கோலில் இதைச் சொல்ல முடியாது. அம்மா போனைச் சத்தமாகப் போட்டுக் கோழிகளுக்கும் கேட்க வைப்பா. பதிலை சுஹைர் நானா வீட்டு விலாசத்துக்கு அனுப்பு.

உன் தம்பி,
ஜெயந்தன் (உபதலைவர்)


நவகன்னியர் இல்லம், கண்டி
2025 ஜூன் 12

தம்பி,

மதர் உன் கடிதத்தை வாசித்துக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "இந்தப் பிள்ளைக்கு வாயில ஒரு வருத்தமும் இல்ல" என்று சொல்லித்தான் என்னிடம் தந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பாவுக்கும் சேட்டுப் பொத்தானில்தான் தொடங்கியது. நீ அப்போது சின்னவன், உனக்கு நினைவிருக்காது. தலவிலக் கோயில் திருநாளுக்கு வெளிக்கிடும்போது, "அஜித்தா, இதக் கொஞ்சம் பூட்டிவிடு பிள்ள" என்று கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். கழுத்துக் கொழுத்துவிட்டது என்று பகிடி விட்டார். நானும் சிரித்தேன். பிறகு வலை ஊசி கையிலிருந்து விழுந்தது. பிறகு சோற்றுக் கவளம். அதன் பிறகு நடந்தது உனக்கே தெரியும். தூக்கிக் குளிப்பாட்டும்போது காலைப் பிடித்தவன் நீதானே.

ஆகவே பகிடி இல்லாமல் பதில் எழுது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில், கையின் பின்பக்கம், குழி விழுந்திருக்கிறதா? தோலுக்கு அடியில் புழு நெளிவது போலத் தசை துடிக்கிறதா? மற்றக் கை எப்படி? நடக்கும்போது கால் தடக்குகிறதா?

செப்டெம்பரில் எனக்குக் கன்னியராவதற்கான முதல் வார்த்தைப்பாடு. அப்பாவின் நோய் உன் கையிலும் வந்திருந்தால் நான் இங்கே இருக்கப்போவதில்லை. அம்மாவால் இன்னொருவரைத் தனியாகத் தூக்க முடியாது. மதரிடம் சொல்லிவிட்டேன்.

அந்தத் திருக்கைப் படத்தை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. மனமில்லை.

அக்கா


குறிஞ்சிப்பிட்டி,
2025 ஜூன் 19

அக்கா,

பகிடி இல்லாமல் எழுது என்பது மீனிடம் நனையாமல் வா என்பது போல இருக்கிறது. என்றாலும் முயற்சி செய்கிறேன்.

குழி: இருக்கிறது. பிளேன்டீ ஊற்றினால் ஒரு வாய்க்கு நிற்கும். மன்னித்துக்கொள், தவறிவிட்டது.

துடிப்பு: இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். சேட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தால் எல்லா இடமும் துடிக்கிற மாதிரித்தான் தெரிகிறது. ஒருநாள் கண்ணாடியே துடித்தது. பிறகு பார்த்தால் ரோட்டில் பஸ் போகிறது.

மற்றக் கை நல்ல பிள்ளை. கால்கள் தடக்குவதில்லை. நேற்றுப் பக்கத்து வீட்டு அஸ்ஜத்துடைய நாய் துரத்தியபோது முழு ஊரும் அதற்குச் சாட்சி. சின்னவிரல் மட்டும் யாரோ இரவல் தந்த விரல் மாதிரிக் கிடக்கிறது. சுடுகோப்பை பட்டாலும் அதற்குச் செய்தி போய்ச் சேர்வதில்லை.

இப்போது என் முறை. நீ வர வேண்டாம். நீ மடத்துக்குப் போன நாளில் அம்மா பஸ் நிலையத்தில் அழாமல் நின்றா. அது அவ்வளவு லேசான வேலை என்று நினைத்தாயா? நீ பெட்டியோடு வாசலில் வந்து இறங்கினால் என்ன நடந்தது என்று அவவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த நிமிடமே எனக்கும் அப்பாவின் கட்டிலை விரித்துவிடுவா.

என் கைக்காக நீ போட்டுக்கொண்ட மடத்து உடுப்பைக் கழற்றினால், இனி என் வாழ்நாளில் ஒரு பகிடியும் விடமாட்டேன். இது மிரட்டல்.

ஜெயந்தன்


நவகன்னியர் இல்லம்,
2025 ஜூன் 27

தம்பி,

இவ்வளவு முக்கியமான செய்தியை நாய்க்கதைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாயே, மடையா! சின்னவிரல் மரத்துப்போயிருக்கிறதா?

அப்பாவுக்கு ஒரு இடமும் மரக்கவில்லை. கடைசிக் காலத்தில் காலில் நுளம்பு இருந்தாலும் "பிள்ள, இடது கால்ல" என்று சரியாகச் சொல்வார். தெரியும், அடிக்கத்தான் கை இல்லை. நான் எத்தனை நுளம்பு அடித்தேன்!

இங்கே வயதான சிஸ்டர்மாரைப் பார்க்க வருகிற டொக்டரிடம் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, "ஒரு பகிடிக்காரப் பொடியன்" என்றேன். மரத்துப்போகிறதென்றால் கைக்குப் போகிற நரம்பு ஒன்று எங்கோ நெரிபட்டிருக்கலாம், ஆனால் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். பிள்ளைத்தாய்ச்சிகளின் வயிற்றில் வைத்துப் பார்ப்பார்களே, அதே ஸ்கேனைத் தசையின் மேல் வைத்தும் பார்க்கலாமாம். ஊசி இல்லை, நோவு இல்லை. எந்தத் தசை பழுது, எது நல்லது, எங்கே துடிப்பு இருக்கிறது, எல்லாம் தெரியுமாம். அதில் கெட்டிக்காரரான டொக்டர் ஸும்ரா என்பவர் புத்தளத்துக்கு மாதம் ஒருமுறை வருகிறார். விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சனல் பண்ணி நேரம் எடு. அதுவரை ஒருவரையும் எண்ணெய் போட்டு உருவ விடாதே.

அம்மாவிடமும் சொல்லு. தனியாகப் போகாதே.

நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். மதர் அதைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டார். முடிவு தெரியும்வரை அங்கேயே கிடக்கட்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

அக்கா


குறிஞ்சிப்பிட்டி,
2025 ஜூலை 8

அக்கா,

அம்மாவிடம் சொல்வதற்கு ஒரு முழுப் பேச்சைத் தயாரித்திருந்தேன். முன்னுரை, பொருளுரை எல்லாம் இருந்தது. குசினிக்குள் போய் "அம்மா, உங்களிட்ட ஒண்டு சொல்லோணும்" என்றேன். அவ பாண் வெட்டிக்கொண்டே, "கையக் காட்டு" என்றா.

எல்லாம் தெரியுமாம்! பிறந்ததிலிருந்து இடக்கையன் ஒருவன் திடீரென்று வலது கையால் கோப்பை பிடித்தால் பெற்றவளுக்குத் தெரியாதா என்று கேட்டா. உனக்கும் எனக்கும் கடிதம் ஓடுவதும் தெரியும். சுஹைர் நானாவின் பெண்சாதி பரீனா அக்கா முதல் கடிதம் வந்த அன்றே வந்து சொல்லிவிட்டாவாம். நாங்கள் அம்மாவிடம் மறைக்க, அம்மா எங்களிடம் மறைக்க, ஊருக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறது.

பிறகு அலுமாரியைத் திறந்து, சாறிகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பொதியை எடுத்தா. தலவிலக் கோயில் வாசல் கடைகளில் விற்பார்களே, நேர்ச்சைக்கு வெள்ளித்தகட்டில் வெட்டிய கை, கால், கண்? அதில் ஒரு கை. திருநாளில் அன்னம்மாளின் காலடியில் வைக்க வாங்கியதாம்.

எடுத்துப் பார்த்தேன் அக்கா. அது வலது கை!

"அம்மா, எனக்கு வருத்தம் இடது கையில."

அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "கடைக்காரன் தந்தான், நான் பாக்கயில்லயே" என்று அப்படியே கதிரையில் இருந்துவிட்டா. அன்னம்மாள் என் நல்ல கையைச் சுகமாக்கிவிட்டுப் போய்விடுவாவோ என்று சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். சரிவரவில்லை. பிழையான கையை வாங்கினது ஏதோ அபசகுனம் என்று நினைக்கிறா. சாப்பிடவுமில்லை.

பதினெட்டாம் திகதிக்குச் சனல் பண்ணியாயிற்று. எனக்குப் பயம் ஒன்றுமில்லை. ஆனால் அன்று காலை நீ பூசையில் இருக்கும்போது வேறு வேலை இல்லையென்றால் என்னை நினைத்துக்கொள்.

ஜெயந்தன்


நவகன்னியர் இல்லம்,
2025 ஜூலை 13

தம்பி,

அவசரமாக எழுதுகிறேன், பதினெட்டுக்கு முன் வந்து சேர வேண்டும்.

அது தகடுதானே? திருப்பிப் பிடி. இடது கையாகிவிடும்.

அம்மாவை இதைச் செய்து பார்க்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடச் சொல்லு.

அன்று காலை எனக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை.

அக்கா


குறிஞ்சிப்பிட்டி,
2025 ஜூலை 20

அக்கா!

அம்மா மடத்துக்குக் கோல் எடுத்து "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்று அழுததில் உனக்கு ஏதாவது விளங்கியிருந்தால் ஆச்சரியம். முழு விபரம் இதோ.

டொக்டர் ஸும்ரா தில்லையடிக்காரர், ஆள் சின்னவர், பார்வை பெரியது. "எந்தக் கை?" என்றார். மெஷின் எவ்வளவு கெட்டிக்காரன் என்று பார்க்க வேண்டாமா? வலது கையை நீட்டினேன். குளிர்ந்த ஜெல்லை அப்பி, சவர்க்காரக்கட்டி அளவில் ஒன்றை வைத்து அமர்த்தினார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தக் கைக்கு ஒண்டுமில்ல மகன். பகிடி முடிஞ்செண்டா மத்தக் கையத் தாங்க."

அம்மா என் முதுகில் ஒன்று போட்டா. ஆனால் டொக்டர், "பரவாயில்ல, நல்ல கையயும் பாக்கத்தான் வேணும், அதோட ஒப்பிட்டாத்தான் தெரியும்" என்றார். உடனே அம்மா கைப்பையைத் திறந்து மூன்றாவது கையையும் எடுத்து மேசையில் வைத்தா. சரியாகத் திருப்பித்தான் வைத்தா. டொக்டர் அதையும் மரியாதையாகப் பார்த்தார்.

நல்ல தசை திரையில் இருட்டாக இருக்கும், நடுநடுவே வெள்ளைக் கோடுகள். நரம்பு கைவிட்ட தசை மெலிந்து, வெளுத்துப்போகும். என் இடது கையில் குழி விழுந்த இடம் வெளுப்பு. சின்னவிரல் பக்கம் வெளுப்பு. அம்மாவின் செபமாலை நின்றுவிட்டது. பிறகு வேறொரு நரம்பு போகிற பெருவிரலின் அடி மேட்டில் வைத்தார். இருட்டு! நல்ல கொழுத்த, அழகான இருட்டு.

அதோடு விடவில்லை. சேட்டைக் கழற்றச் சொல்லி மேற்கை, முதுகு, தொடை, முழங்காலுக்குக் கீழே, தாடைக்கு அடியில் வைத்து நாக்குக்கூட, ஒவ்வோர் இடத்திலும் அசையாமல் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். அப்பாவிடம் நாங்கள் கண்ட அந்தத் துடிப்பைத்தான் தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது. அம்மாவுக்கும் விளங்கியது. திரை கலங்காத களப்புத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது.

"இவன்ட தகப்பனுக்கு..." என்று அம்மா தொடங்கினா.

"பாத்தனம்மா, துண்டுக் கடதாசியில எழுதியிருந்தீங்க. இது அந்த வருத்தமில்ல. அதெண்டா ஒரு நரம்போட நிக்காது. இவருக்கு ஒரேயொரு நரம்புதான் பிரச்சின. வாங்க, காட்டுறன்."

முழங்கையின் உட்பக்கத்தில் வைத்தார். மெல்லிய கயிறு மாதிரி வந்த நரம்பு அங்கே எலியை விழுங்கிய பாம்பாக வீங்கியிருந்தது. அங்கேதான் நெரிபட்டிருக்கிறது.

கடைசியாக, சின்னவிரலை வெளிப்பக்கம் விரிக்கச் சொன்னார். விரித்தேன். விரல் அசையவில்லை. "திரையப் பாருங்க" என்றார். அக்கா, உள்ளே தசை நெளிந்தது! வெளியே விரல் செத்த மாதிரிக் கிடக்கிறது, உள்ளே அது எழும்பப் பார்க்கிறது. திரும்பத் திரும்பச் செய்தேன். டொக்டர் தடுக்கவில்லை.

"நரம்பு அறுபடயில்ல. செய்தி போகுது, மெதுவாப் போகுது. முழங்கைய ஊண்டக்கூடாது, மடிச்சிட்டுப் படுக்கக்கூடாது. மூணு மாசத்தில திருப்பிப் பாப்பம். அப்பவும் சரிவராட்டித்தான் சின்ன ஒப்பரேஷன்."

வேலைநிறுத்தம் முடிவுக்கு வருகிறது, பேச்சுவார்த்தை தொடங்கியாயிற்று!

நான் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கல்லு மாதிரி இருந்தேன். டொக்டரே அசந்துபோனார். அம்மாதான் அழுதழுது ஜெல் துடைக்கிற கடதாசி முழுவதையும் முடித்துவிட்டா. அடுத்த ஆளுக்கு நேர்ஸ் புதுப் பெட்டி உடைக்க வேண்டி வந்தது.

திருக்கையை வென்றவன்,
ஜெயந்தன்


நவகன்னியர் இல்லம்,
2025 ஜூலை 28

என் தம்பி,

பெட்டியை மதர்தான் இழுத்து வெளியே எடுத்தார். உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து என் அலுமாரியில் அடுக்கினார். என்னை ஒன்றையும் தொடவிடவில்லை. நான் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு நன்றாகத் தூங்கினேன். காலைச் செபத்துக்கு எழும்பவில்லை. மதர் அதையும் கண்டுகொள்ளவில்லை.

சந்தோசம் முடிந்தது. இனி விசாரணை.

கயிறு இறுகியது கையில் என்றாய். நரம்பு நெரிந்தது முழங்கையில். அந்தக் கயிறு எந்த வழியால் போனது? "முழங்கைய ஊண்டக்கூடாது" என்று டொக்டர் சும்மா சொல்லியிருக்கமாட்டார். எங்கே ஊன்றுகிறாய் என்று கேட்டிருப்பார். அதற்கு நீ சொன்ன பதில் கடிதத்தில் இல்லை.

இப்போது மனம் லேசானதால் படத்தையும் ஆறுதலாகப் பார்த்தோம், மதரும் நானும். உனக்குப் பின்னால் ஒரு தராசு தொங்குகிறது. றொபி மாமாவின் படகில் எப்போதிருந்து மீன் நிறுத்து விற்கிறார்கள்? திருக்கையின் தலையை வேறொருவருடைய கை பிடித்திருக்கிறது. உன் கையில் இருப்பது வால் மட்டும்.

உண்மையை எழுது. செப்டெம்பரில் மூவருக்கும் முன் வரிசையில் இடம் கேட்டிருக்கிறேன். மூன்றாவது இடம் அப்பாவுக்கு, சும்மா ஒரு கதிரைதான். பொய் சொன்னவனுக்குக் கடைசி வரிசை.

அக்கா


குறிஞ்சிப்பிட்டி,
2025 ஓகஸ்ட் 5

இத்தால் சகலருக்கும் மீண்டும் அறியத்தருவது யாதெனில்: திருக்கை தொடர்பாக முன்னர் வெளியிடப்பட்ட அறிவித்தல்கள் அனைத்தும் வாபஸ் பெறப்படுகின்றன.

அக்கா, அது சந்தைத் திருக்கை. நான் போகும்போதே செத்துப்போயிருந்தது. தலையைப் பிடித்திருப்பது விற்கிற ஆள். வாலைத் தொட விட்டதே பெரிய விசயம்.

டொக்டர் கேட்டார்தான். "முழங்கைய எங்க ஊண்டுறீங்க?" நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டொக்டர், அது ஒரு பெரிய திருக்க..." என்று தொடங்கினேன். அம்மா முடித்தா: "லொறி ஜன்னல்ல, டொக்டர்."

ஓம். தம்புள்ளை போய்வரும் பாதை முழுவதும் இடது முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றி, கையை வெளியே தொங்கவிட்டு, காற்றில் தலைமயிர் பறக்கப் போவேன். சும்மா ஸ்டைலுக்கு. அந்த விளிம்பில் ரப்பர் எப்போதோ போய்விட்டது, வெறும் தகரம். குழியில் லொறி விழும்போதெல்லாம் அது முழங்கையில் இடிக்கும். விரல் விறைக்கத் தொடங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை. சுஹைர் நானா எத்தனை தரம் "கைய உள்ளுக்கு எடு தம்பி" என்றார்! பாலாவிச் சந்தியில் ஒருத்தி பார்த்த மாதிரி இருந்தது. பிறகு பார்த்தால் அவ பூசணிக்காயைப் பார்த்திருக்கிறா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா திடீரென்று சிரிக்கத் தொடங்கினா. என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்கு மேலே இருக்கிற அப்பாவின் படத்தைக் காட்டினா. கலியாணத்துக்கு முந்திய படம், யாருடையதோ வேனில் இருக்கிறார், பார்த்திருப்பாய். முழங்கை ஜன்னலில், கை வெளியே, மேல் பொத்தான் திறந்து. "அந்த மனுசனும் இப்பிடித்தான். அதுக்கு மயங்கித்தான் நான் கட்டினது" என்றா.

அப்பாவிடமிருந்து எனக்கு என்ன வந்துவிட்டதோ என்றுதானே எல்லோரும் பயந்தோம். வந்தது இதுதான்.

இப்போது லொறியில் நடுவில்தான் இருக்கிறேன், நானாவுக்கும் வெங்காய மூட்டைக்கும் இடையில். இரவில் முழங்கையில் துவாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுக்கிறேன். வெள்ளிக்கை தலவிலக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரிக் கட்டித் தொங்கவிட்டா அம்மா. உன் வார்த்தைப்பாட்டுக்கு மேல் பொத்தானை நானே பூட்டிக்கொண்டு வருவேன் என்று எழுதத்தான் வந்தேன். பொய் எழுதினால் கடைசி வரிசை. ஆகவே சொல்கிறேன், அம்மாதான் பூட்டிவிடுவா.

மதர் மார்த்தா அவர்களே, எப்படியும் நீங்கள்தான் முதலில் வாசிப்பீர்கள். இனி வருகிற வரிகளை வெட்டியெடுத்துவிட்டு மிச்சத்தை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும். அந்த ஸ்கேன் அறையில் அம்மா ஒரு சொட்டும் அழவில்லை. வீட்டுக்கு வந்து உங்களுக்குக் கோல் எடுக்கும்போதுதான் அழுதா. திரையில் தசை நெளிந்ததைப் பார்த்த உடனே, அந்தப் பெட்டியிலிருந்த கடதாசி முழுவதையும் முடித்தது நான்.

ஜெயந்தன் (ஹெல்பர்)